பங்குனி ஏரியில் வலை இறக்குமுன்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி வட்டாரத்தில் உள்ள ஒரு சிற்றேரியின் மீன்பாசிக் குத்தகையை, அதாவது அதில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, என் கணவர் ஏலத்தில் எடுத்திருந்தார். மீனைப் பிடித்து விற்க வேண்டிய காலம் நெருங்கியபோது, அவர் இருசக்கர வாகன விபத்தில் கால் எலும்பு முறிந்து சேலத்தில் மருத்துவமனையில் படுத்திருந்தார். மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் எனக்கு மீனோடு இருந்த பழக்கம் ஞாயிற்றுக்கிழமைக் குழம்போடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட நான் மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை அந்த ஏரிக்கரையில் தனியாக நின்று பட்டதையும், போன பணத்தையும் இங்கே எழுதுகிறேன். குத்தகைக்கு ஏரி எடுப்பது எப்படி என்று சொல்ல ஊரில் பலர் இருந்தார்கள். எடுத்த மீனைக் கோடையில் எப்படிக் கரை சேர்ப்பது என்று சொல்ல எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை.

முதலில் இந்தத் தொழிலின் கால அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளம்பின. ஏரிக் குத்தகை பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. அதாவது ஜூலை 1 முதல் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. ஆனால் எங்கள் மாவட்டத்துச் சிற்றேரிகளுக்கு நீர் வந்து சேர்வது ஆவணிக்குப் பிறகுதான், சில ஆண்டுகளில் ஐப்பசியில்தான். ஐப்பசியில் குஞ்சு விட்டால், மாசியில் நீர் இறங்கத் தொடங்கும்போது கட்லா முக்கால் கிலோவை எட்டியிருக்கும், ரோகுவும் மிருகாலும் அரைக் கிலோவை ஒட்டி நிற்கும். இன்னும் இரண்டு மாதம் விட்டால் எடை கூடும் என்று ஆசை சொல்லும், நீர் விடாது. ஒவ்வோர் ஏரிக்கும் இதே கணக்கு என்பதால், கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் உள்ள அத்தனை குத்தகைக்காரர்களும் பங்குனி, சித்திரை என்ற அதே சில வாரங்களுக்குள் வலை போடுகிறார்கள். வலைக்காரர்கள், ஐஸ், சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் அப்போது தட்டுப்பாடு வரும்; மீனின் விலையோ இறங்கும். வியாபாரி இதை நன்றாக அறிந்தவர். புதிதாக வருகிற நமக்குத்தான் தெரிவதில்லை.

எங்கள் முதலீட்டையும் சொல்லிவிடுகிறேன். குத்தகைத் தொகை 62,000 ரூபாய். விரலளவுக் குஞ்சுகள் 15,000, குஞ்சு 2 ரூபாய் வீதம் 30,000. தவிடு, கடலைப் பிண்ணாக்கு, குஞ்சு கொண்டுவந்த வண்டி எல்லாம் சேர்ந்து 18,000. ஆக 1,10,000 ரூபாய் ஏரிக்குள் போயிருந்தது. அதில் 80,000 ரூபாய் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2019 முதல் மீன் வளர்ப்போருக்கும் கிடைக்கிறது என்பதை நான் எல்லாம் முடிந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். வங்கியில் அதற்கு நடைதான் அதிகம். ஆனாலும் மாதம் 2,400 ரூபாய் வட்டி கட்டிய கைக்கு அந்த நடை பெரிதாகத் தோன்றாது.

மாசிக் கடைசியில் ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது ஏரி நீரில் பாசனம் செய்பவர்கள், மதகைத் திறந்தார்கள். ஏரி நாளுக்கு நாள் சுருங்குவதைப் பார்த்துப் பதறிப்போய், மதகடியில் இடுப்பளவு நீராவது நிற்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார்கள். குத்தகை மீனுக்கு மட்டுமே, நீர் பயிருக்கு உரியது. பாசனத்துக்கு இடையூறு செய்யக் கூடாது என்று குத்தகை நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் சொன்னது முறைதான். ஆகவே மதகு திறக்கும் நாளைத் தீர்மானிப்பவர்களிடம் தை மாதத்திலேயே போய்ப் பேசி, எந்த வாரத்தில் எவ்வளவு இறங்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை ஒட்டியே வலைக்காரர்களுக்கு நாள் குறிக்க வேண்டும். அதோடு வண்டல் மண் அள்ள அனுமதி வாங்கியவர்கள் கோடையில் ஏரிக்குள் டிராக்டர் இறக்குவார்கள். அவர்கள் எந்தப் பக்கம் வெட்டப்போகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஆழமாக வெட்டிய குழிகளில் மீன் போய் ஒதுங்கிக்கொண்டால் வலை அங்கே எட்டாது.

இனி அந்த விடியற்காலைகளைச் சொல்கிறேன். நீர் பாதிக்கும் கீழே இறங்கி, நிறம் கரும்பச்சையாகத் திரும்பியிருந்தது. பச்சை நீர் என்றால் மீனுக்குத் தீனி நிறைய இருக்கிறது என்று பொருள் எனச் சிலர் சொன்னதால் எனக்கு மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. ஒரு நாள் மாலையில், முறைக்குப் பெரியப்பா ஆகிற முதியவர் ஒருவர் கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று, “காலையில மீனு தலை தூக்குதும்மா, பாத்தியா? மாங்கா மழை ஒண்ணு வந்தா தாங்காது” என்றார். எனக்கு அது விளங்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் வானம் மூடிக்கிடந்தது. இரவில் இடியோடு கோடைமழை பெய்தது. மாமரத்தில் பிஞ்சு நிற்க இந்த மழை நல்லது என்று ஊரே மகிழ்ந்த அந்த விடியலில், நான் போய்ப் பார்த்தபோது ஏரியின் காற்றடிக்கும் ஓரம் முழுவதும் கட்லாக்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்துகொண்டிருந்தன. உயிரோடிருந்தவை நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் இருப்பவருக்கு இதை எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது; பணம் பற்றிய நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது.

ஒரு மணி நேரத்துக்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. கூடியவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: யாரோ மருந்து கலந்துவிட்டார்கள். ஏலத்தில் எங்களோடு போட்டி போட்டுத் தோற்றவர் என் கணவருக்குப் பங்காளி முறை. அவர் பெயர் உடனே அடிபட்டது. காவல் நிலையத்துக்குக் கொடுக்க மனுவையே ஒருவர் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கிருந்த ஆத்திரத்தில் அதில் கையெழுத்துப் போடுவது ஆறுதலாகவே இருந்திருக்கும். அதற்குள் மீன்வளத் துறையின் களப்பணியாளர் ஒருவர் வந்து, செத்த மீன்களைப் பார்க்காமல் வேறொன்றைத் தேடினார்: விரால் ஏதாவது செத்திருக்கிறதா, குறவை செத்திருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. இவை நீருக்கு வெளியே காற்றையும் உறிஞ்சி மூச்சுவிடும் மீன்கள். நீரில் பிராணவாயு குறைந்தால் கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் சாகும், இவை பிழைத்திருக்கும். நஞ்சு கலந்திருந்தால் இந்த வேறுபாடு இப்படித் துலங்காது; விரால், தவளை, நீர்ப்பாம்பு என எல்லாமே சாகத் தொடங்கும், அதுவும் விடியற்காலை என்று பாராமல் எந்த நேரத்திலும் சாகும். மேலும் மூச்சுமுட்டிச் சாகும்போது பெரிய மீன்கள் முதலில் போகும் என்றும் அவர் சொன்னார். எங்கள் ஏரியில் முதலில் மிதந்தவையும் பெரிய கட்லாக்களே. மனு கிழிக்கப்பட்டது. ஏரி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், மீன் செத்து மிதக்கும் நாளில் யார்மீதும் பழி சொல்லுமுன், விராலைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தக் காலையில் எங்கள் இரு வீட்டுக்கும் இடையே விழ இருந்த வெட்டு இந்த ஒரு கேள்வியால்தான் நின்றது.

காரணத்தை அவரும், பிறகு பாரூரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் விசாரித்தபோது அங்கிருந்தவர்களும் விளக்கினார்கள். நீர் சூடாகச் சூடாக அதில் கரையக்கூடிய பிராணவாயு குறையும்: 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். கெண்டை மீன் நன்றாக இருக்க 5 மில்லிகிராமுக்குமேல் வேண்டும். 3-க்குக் கீழே இறங்கினால் திணறும். நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி பகல் வெயிலில் பிராணவாயுவை வெளிவிடுகிறது. இரவில் அதுவும் மீனைப் போலவே அதை உட்கொள்கிறது. அதனால் விடிவதற்குச் சற்று முந்தைய நேரம்தான் ஏரியில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும் வேளை. வானம் மூடிய நாட்களில் பகல் வரவும் குறைந்துபோகிறது, இரவுச் செலவு மட்டும் குறைவதில்லை. அதன்மேல் மழை விழுந்தால், குளிர்ந்த மேல்நீர் கனத்துக் கீழே இறங்கி, அடியில் கிடக்கும் பிராணவாயு அற்ற நீரையும் சேற்றையும் கலக்கி மேலே கொண்டுவருகிறது. கரையோரத்துச் சாணமும் குப்பையும் மழைநீரோடு உள்ளே வந்து மீதியையும் தின்றுவிடுகின்றன. நீர் அளவு குறைந்த பங்குனி ஏரியில் இவையெல்லாம் ஒரே இரவில் நடந்துவிடும்.

இதற்குக் கருவி இல்லாமலே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வெயில் உள்ள நேரத்தில் கையை முழங்கை வரை நீரில் நேராக இறக்குங்கள். முழங்கை நனையுமுன்பே உள்ளங்கை கண்ணுக்கு மறைந்துவிட்டால் பாசி அளவு மீறிவிட்டது. அன்றிலிருந்து பிண்ணாக்கு, தவிடு, சாணம் எதையும் போடக் கூடாது. மேலும் மாசி பிறந்ததும் வாரத்தில் சில நாளாவது சூரியன் எழுமுன் ஏரிக்குப் போக வேண்டும். காலை எட்டு மணிக்குப் போய், “மீன் நன்றாகத் துள்ளுகிறது” என்று சொல்லிவிட்டு வருகிறவருக்கு எதுவும் தெரியவராது. வெயில் ஏறிய பிறகு திணறிய மீன்கள் எல்லாம் கீழே போயிருக்கும்.

அன்று முதல் சில இரவுகள் ஆயில் என்ஜின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஏரி நீரையே இறைத்து, குழாயின் வாயில் பலகை கட்டி நீர் அதில் மோதிச் சிதறி மீண்டும் ஏரியிலேயே விழும்படி செய்தோம். நள்ளிரவுக்கு மேல் தொடங்கி வெயில் வரும்வரை ஓட்டினோம். முழு ஏரிக்கும் இது போதாது. ஆனால் நீர் விழும் இடத்தைச் சுற்றி மீன்கள் வந்து கூடிக்கொள்ளும், அந்த அளவுக்குப் பிழைக்கும். டீசலும் வாடகையும் 9,500 ரூபாய் ஆயிற்று. செத்த மீனை மாம்பழக் கிரேட்டில் நிறைத்துக் கணக்கிட்டதில் ஏறத்தாழ 600 கிலோ வந்தது. கிலோ 90 ரூபாய் என்று வைத்தாலும் 54,000 ரூபாய் போயிற்று. கருவாட்டுக்கு என்று சொல்லி, செத்த மீனைக் குறைந்த விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். எப்போது செத்தது என்றே தெரியாத, வயிறு ஊதிய மீனை உணவென்று யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கரைக்கு அப்பால் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். அதை ஏரியிலேயே விட்டிருந்தால் அழுகல் மீதியுள்ள பிராணவாயுவையும் எடுத்து, அடுத்த சாவைக் கொண்டுவந்திருக்கும்.

இனி ஒரு மழையைத் தாங்காது என்று தெரிந்தபின் உடனே பிடித்துவிடத் துடித்தேன், வலைக்காரர்கள் கிடைக்கவில்லை. மேட்டூர்ப் பக்கமிருந்து பரிசலோடு வரும் குழு ஒன்று வேறு ஏரிகளை முடித்துவிட்டுத்தான் வர முடியும் என்றது. கிலோவுக்கு 15 ரூபாய் பிடிகூலி, சாப்பாடு தனி என்று பேசி முன்பணம் கொடுத்தேன். அவர்கள் வந்து இழுவலை போட்டபோது, நீருக்கடியில் இருந்த கருவேல மரக் கட்டைகளில் வலை மாட்டிக் கிழிந்தது. ஏரிகளுக்குள் காடு வளர்ப்பதற்கென நட்டு, பிறகு வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் அவை. சீமைக் கருவேலமும் ஊடே முளைத்திருந்தது. வலை கிழிந்த இடத்தில் ஒவ்வொரு இழுப்பிலும் மீன் வெளியேறியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது செத்த மீனைப் பார்ப்பதைவிட எரிச்சலாக இருந்தது. கடைசியில் இழுவலையை விட்டுவிட்டு, கட்டை உள்ள பகுதியில் மாலையில் மெல்லிய நைலான் இழையால் ஆன தங்கூசி வலை கட்டி, விடியுமுன் பரிசலில் போய் எடுத்தோம். தங்கூசி வலையில் மாட்டிய மீனை நேரத்துக்கு எடுக்காவிட்டால் வலையிலேயே செத்து நொந்துவிடும். ஆகவே அதற்கு இரவுக் காவலும் ஆளும் வேண்டும். வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சில வந்தன. வளர்க்கத் தடை உள்ள அந்த மீனை எவரோ குட்டையில் வளர்த்து, வெள்ளத்தில் அது ஏரிக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் குஞ்சுகளில் எத்தனையை அது தின்றதோ.

பிடித்த மீனை விற்பதுதான் மிகவும் கசப்பான பகுதி. வியாபாரி ஒருவர் கிலோ 95 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகத் தொலைபேசியில் ஒத்துக்கொண்டிருந்தார். முதல் சுமை 600 கிலோ. எடை போட்ட பிறகுதான், நூற்றுக்கு 5 கிலோ கழிவு என்று சொல்லி 30 கிலோவைத் தள்ளினார். எதற்குக் கழிவு என்று கேட்டதற்கு, வழக்கம் என்பதே பதில். கையில் வந்தது 54,150 ரூபாய். இரண்டாவது சுமை 450 கிலோ அன்று விடியற்காலையிலேயே கரைக்கு வந்துவிட்டது. அவருடைய வண்டி வந்தபோது வெயில் உச்சியை நெருங்கியிருந்தது. நான் ஐஸ் வாங்கிவைத்தது மீன் எடையில் பாதிதான். அதுவே மிகுதி என்று எண்ணியிருந்தேன். நம் வெயிலுக்கு மீன் எடைக்கு ஈடாக ஐஸ் வேண்டும், அதுவும் பாளமாக இல்லாமல் நொறுக்கி, அடியில் ஓர் அடுக்கு, மீன் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிப் போட வேண்டும். வண்டிக்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார், சிவப்பு மங்கியிருந்தது. 60 ரூபாய், வேண்டாமென்றால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நடுப்பகலில் 450 கிலோ மீனோடு கரையில் நிற்கும் ஒரு பெண் என்ன பேரம் பேச முடியும்? 27,000 ரூபாய் வாங்கிக்கொண்டேன். கிலோவுக்கு 35 ரூபாயாக 15,750 ரூபாய் அந்தச் சில மணி நேரத்தில் கரைந்தது. அவர் வேண்டுமென்றே தாமதித்தாரா என்று எனக்கு நிரூபிக்க வழியில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் சந்தித்த குத்தகைக்காரர்களில் பலருக்கு இதே கதை இருக்கிறது.

அதனால் வியாபாரியிடம் விலையோடு வண்டி வரும் நேரம், கழிவு உண்டா இல்லையா, யாருடைய தராசு என்பதையும் பேசி, கொஞ்சமாவது முன்பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுத்தவருக்குத்தான் வண்டியை நேரத்துக்கு அனுப்பும் அக்கறை இருக்கும். இரண்டாவது வியாபாரி ஒருவரின் எண்ணும் கையில் இருக்க வேண்டும். வண்டி கரைக்கு வந்து நின்ற பிறகே வலையை இழுக்கச் சொல்ல வேண்டும். நீருக்குள் இருக்கும்வரை மீனுக்கு ஐஸ் செலவில்லை என்று வலைக்குழுவின் மூத்தவர் பிறகு சொன்னார். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

மீதி 400 கிலோவைக் கரையிலேயே சில்லறையாக விற்றேன். மாங்காய் மண்டியிலிருந்து இரவல் வாங்கிய மின்தராசு, ஆலையில் பருவம் தொடங்கும்வரை சும்மா கிடந்த கிரேட்டுகள், இவைதான் கடை. கிலோ 130 ரூபாய்க்குப் போயிற்று. 52,000 ரூபாய் வந்தது. உயிரோடு துடிக்கும் மீன் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை அந்த ஊரில் மீன் சட்டி அடுப்பேறாது. எங்கள் ஊரில் காப்புக் கட்டிய வாரத்தில் நான் கூவிக் கூவி விற்றும் வாங்க ஆளில்லை. அடுத்த ஊரின் கரைக்குக் கிரேட்டைக் கொண்டுபோனபோது ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. சுற்றுவட்டாரத் திருவிழாத் தேதிகளைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே சில்லறை விற்பனைக்கு நாள் வைக்க வேண்டும்.

மொத்த வரவு 1,33,150 ரூபாய். செலவு: முதலீடு 1,10,000, என்ஜின் 9,500, பிடிகூலி 21,750, ஐஸும் வண்டியும் 7,000, ஒன்பது மாத வட்டி 21,600, ஆக 1,69,850. கை நட்டம் 36,700 ரூபாய், என் சம்பளம் இல்லாத விடுப்பைச் சேர்க்காமல். செத்த மீனுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டேன். 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் குளம் வெட்டவும் கருவிகள் வாங்கவும் பெண்களுக்கு 60 விழுக்காடு வரை மானியம் உண்டு, நடந்துபோன சாவுக்கு அதில் வழியில்லை என்றார்கள். சொன்னவர் மரியாதையாகவே சொன்னார், அதனால் எழுந்து வர முடிந்தது.

கணவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார்; மறுபடியும் ஏலம் கேட்க வேண்டும் என்கிறார். நான் மறுக்கவில்லை. ஏலம் வருவதற்கு முன்பான வைகாசியில் ஏரி வற்றிக் கிடக்கும். கட்டைகள் எங்கே இருக்கின்றன, மதகடியில் எவ்வளவு ஆழம், எந்த வீட்டுத் தொழுவத்துக் கழிவு உள்ளே வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். கேட்கப்போகும் ஏரியை அந்த நிலையில் இருவரும் சுற்றி நடந்து பார்ப்பது, கட்டை பிடுங்க ஆகும் கூலியைக் குத்தகைத் தொகையோடு சேர்த்து எண்ணுவது, மாசியிலேயே பாதி மீனைப் பிடித்து நெரிசலைக் குறைப்பது, வலைக்குழுவுக்குத் தை மாதமே முன்பணம் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் கடைசி வரி, மூன்று வட்டிக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது. அதற்கு மட்டும் அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை.